ஏழாம் தேதிப் பிள்ளைகள்

அத்தியாயம் ஆறு

பொன்னமராவதியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி பத்தரை. மறுநாள் இதே நேரத்துக்குப் புதுக்கோட்டை கோர்ட்டில் ராசாத்தியின் வழக்கைக் கூப்பிட்டுவிடுவார்கள். மழைத் தூறலில் நின்று செபமாலை மிச்சமிருந்த மணி நேரத்தை விரல்விட்டு எண்ணினான். பிறகு கையில் இருந்த சாட்சியங்களை எண்ணினான். அதற்கு விரல் தேவைப்படவில்லை.

"என்ன யோசனை?" என்றார் உடையப்பன்.

"நம்மகிட்ட என்ன இருக்குன்னு பாத்தேண்ணே. ஒரு குடை இருக்கு. அதுலயும் ஒரு கம்பி இல்லை."

உடையப்பன் சமஸ்தானப் போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவர். பத்து வருஷத்துக்கு முன்னால் சமஸ்தானம் போனபோது அவரும் வேலையை விட்டார். கீழராஜ வீதியில் ஒரு மாடியறை எடுத்துத் துப்பறியும் ஆபீஸ் போட்டார். செபமாலை பஸ் கண்டக்டராக இருந்தவன். செக்கிங் இன்ஸ்பெக்டரிடம் வாயைக் கொடுத்ததில் வேலை போயிற்று. வாய் போகவில்லை.

வழக்கு சின்னது. ராசாத்திக்குத் தாய் தகப்பன் இல்லை. ஊசிப்பாறைப்பட்டியில் ஒரு வீடு, மூன்று ஏக்கர், சித்திரையிலும் வற்றாத ஒரு கிணறு. போன வருஷம், 1957 ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதி, பட்டாவை அவள் பேருக்கு மாற்றித் தருவதாகச் சொல்லி, அரிசி மில் ரெங்கராஜ் அவளைப் பத்திர ஆபீசுக்கு அழைத்துப் போனார். அவள் கையெழுத்துப் போட்டது கிரயப் பத்திரத்தில். அன்றைக்கு அவளுக்குப் பதினெட்டு நிரம்பவில்லை என்றால் பத்திரம் செல்லாது. நிரம்பியிருந்தால் அவள் சட்டி பானையோடு தெருவில் நிற்க வேண்டும்.

ரெங்கராஜ் ஒரு நகலைக் கோர்ட்டில் கொடுத்திருந்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் புத்தகத்தின் நகல். பிறந்த தேதி 7-1-1939. தலைமையாசிரியர் நல்லதம்பியின் கையெழுத்து, முத்திரை. அசல் புத்தகம்? போன மாதம் கூரையில் பிடித்த தீயில் போய்விட்டதாம். பள்ளிக்கூடத்துக்கு மேனேஜரும் ரெங்கராஜ்தான்.

"தீயும் படிச்ச தீ போல" என்றான் செபமாலை. "மேசை, பெஞ்சு, கரும்பலகை எல்லாத்தையும் விட்டுட்டு அந்தப் புத்தகத்தை மட்டும் எடுத்திருக்கு."

உடையப்பனிடம் இருந்தது ஒரே ஒரு நூல். முந்தின நாள் ராசாத்தி அழுகைக்கு நடுவில் சொன்ன ஒரு வார்த்தை.

"எனக்குத் தேதியெல்லாம் தெரியாதுங்கய்யா. அடைமழையில பொறந்தேன்னு ஆத்தா சொல்லும். பெரிய வாத்தியாரு மழை நாள்ல எங்க நாலு பேத்தை முன்னாடி கூப்பிட்டு நிக்க வைப்பாரு. நாலு பேரும் ஒரே நாள்ல பொறந்தவுகன்னு சொல்லி ஆளுக்கொரு கமர்கட்டு குடுப்பாரு."

"ஒரே ஊரு, ஒரே நாள்ல நாலு புள்ளையா? மருத்துவச்சிக்குக் கை ஓஞ்சிருக்குமே" என்று செபமாலை அப்போதே கேட்டான். உடையப்பன் சிரிக்கவில்லை. அந்தப் பெரிய வாத்தியார் செத்து மூன்று வருஷம் ஆகிறது. அவர் சம்சாரம் பொன்னமராவதியில் இருக்கிறாள் என்று மட்டும் விசாரித்து வைத்திருந்தார்.

சைக்கிள் கடையில் வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்தார்கள். கடைக்காரன் சங்கிலிக்கு எண்ணெய் விட்டபடி கேட்டான்.

"எங்கிட்டுப் போறீங்க?"

"ஊசிப்பாறைப்பட்டிப் பள்ளிக்கூடத்துக்கு."

"புது எட்மாஸ்டரைப் பாக்கவா? அவரு தையிலதான வாராரு."

"எந்தப் புது எட்மாஸ்டர்?"

"மில்லுக்காரரு மச்சான். டிரெயினிங் முடிச்சிட்டுச் சும்மா கெடக்காரு. இங்கனதான் டீ குடிப்பாரு. தையில நான்தான் எட்மாஸ்டர்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு."

ஊர்க்கதை என்று செபமாலை அதைக் காதோடு விட்டுவிட்டான். உடையப்பன் கேரியரில் ஏறி உட்கார்ந்தார். ஏறியவர் பக்கத்து டீக்கடையை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

---

பிச்சையம்மாள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அறுபது வயசிருக்கும். தலை நிமிராமலே கேட்டாள்.

"மறுபடியும் பெட்டிக்கா வந்தீங்க?"

"எந்தப் பெட்டிங்க?" என்றார் உடையப்பன்.

"எங்க வீட்டுக்காரரு டிரங்குப் பெட்டி. விடிஞ்சதும் விடியாததுமா நல்லதம்பி வந்து மூடியைக் கழட்டிட்டுப் போயிட்டானே."

செபமாலை சைக்கிளைத் திண்ணையில் சாத்திவிட்டு வந்தான். "மூடியை மட்டுமா? பெட்டியை விட்டுட்டு மூடியைக் கொண்டுபோற ஆளை இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன் ஆத்தா."

"மூடிக்கு உள்பக்கம் அவுக ஒரு தாளு ஒட்டியிருந்தாக. புள்ளைக பேரு, பொறந்த தேதி எல்லாம் அதுலதான். அவுக எழுத்து ஞாபகத்துக்கு வேணும்னான். குடுத்துட்டேன். அவுககிட்டப் படிச்ச பயதான."

உடையப்பன் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு நாள் முந்தியிருந்தால் அந்தத் தாள் அவர் கையில் இருந்திருக்கும்.

"அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு சொல்ல முடியுங்களா?"

"எனக்கு எழுத்துத் தெரியாதுய்யா. கமர்கட்டுத் தெரியும்."

"அதையே சொல்லுங்க."

பிச்சையம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"புள்ளையச் சேக்க வருவாக. எப்பப் பொறந்துச்சுன்னு கேட்டா யாருக்குத் தேதி தெரியும்? மாம்பழம் பழுக்கையிலம்பாக. கம்மா உடைஞ்ச மறுவாரம்பாக. மத்த வாத்தியாருக எல்லாம் சூன் ஒண்ணுன்னு எழுதிட்டு அடுத்த வேலையைப் பாப்பாக. இவுகளுக்கு மனசு வராது. போடுறதுதான் போடுறோம், நல்ல நாளாப் போடுவோமேம்பாக."

"நல்ல நாளுன்னா? முகூர்த்த நாளா?" என்றான் செபமாலை.

"அட நீ வேற. உலகத்துல புதுசாக் கண்டுபிடிச்சவுக பொறந்த நாளு. லைட்டுக்கு எடிசனு, கரண்டுக்குப் பாரடே, கணக்குக்கு நம்ம ராமானுசம், அம்மை ஊசிக்கு ஒருத்தரு. அவுக காலேசுல ரெண்டு வருசம் படிச்சவுகள்ல. எங்கெங்கயோ புஸ்தகம் வாங்கி எழுதி வச்சிருந்தாக. மாம்பழக் காலம்னா அம்மை ஊசிக்காரரு நாளு. கார்த்திகைன்னா செகதீச போசு. மழைன்னா ஏழாந்தேதி. நவம்பரு ஏழு. அது கியூரின்னு ஒரு பொம்பள."

உடையப்பன் அவள் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"மொதல்ல அவ மட்டுந்தான். பல வருசம் கழிச்சு நம்ம ராமன் பரிசு வாங்குனாரே, அவருக்கும் அதே ஏழாந்தேதின்னு பேப்பர்ல பாத்துட்டு இவுக இந்த வீட்டுக்குள்ள குதிச்ச குதி இருக்கே! அந்த வருசம் ஆளுக்கு ரெண்டு கமர்கட்டு. யாரு நாளு வந்தாலும் அந்த நாளுப் புள்ளைகளை நிக்க வச்சு அவுகளைப் பத்திச் சொல்லி, ஆளுக்கு ஒண்ணு குடுப்பாக. பாகு காய்ச்சுறது யாரு? நான்தான். முப்பத்தஞ்சு வருசம்."

"சனவரியில?" என்றார் உடையப்பன்.

"சனவரியில நான் பாகு காய்ச்சுனதே கெடையாது. பொங்கலுக்கு வெல்லம் சேத்து வைக்கிற மாசம்யா. சனவரியில ஒரு புள்ளையவும் போடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். நியூட்டன்னு ஒருத்தரைப் போட்டே தீருவேன்னு ஒத்தக்கால்ல நின்னாக. பழைய காலண்டர்ல அவருக்குத் திசம்பரு, புதுக் காலண்டர்ல சனவரின்னாக. அப்ப பழைய காலண்டரையே வச்சுக்கங்கன்னுட்டேன்."



அந்தப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷமாக ஒரு குழந்தையும் ஜனவரியில் பிறக்கவில்லை. செபமாலை மனசுக்குள் அந்த நகலைப் பார்த்தான். 7-1-1939. ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொரு ஒன்று இருந்திருக்க வேண்டும். ஒரு கோட்டை விட்டுவிட்டதில் பெண்ணுக்குப் பத்து மாதம் கூடிவிட்டது. வயசு பதினெட்டைத் தாண்டிவிட்டது. கிணறு கைமாறிவிட்டது.

"அண்ணே, கெடைச்சிருச்சு."

"என்ன கெடைச்சிருச்சு? அந்தப் பக்கம் முத்திரை வச்ச நகல். இந்தப் பக்கம் வெல்லம். ஜட்ஜ் எதை நம்புவார்?"

செபமாலை வாயை மூடிக்கொண்டான். அது அடிக்கடி நடப்பதில்லை.

"நல்லதம்பியைச் சின்ன வயசிலேயே தெரியுங்களா?" உடையப்பன் எழுந்தபடி கேட்டார்.

"ஏந் தெரியாது? அவனும் ஏழாந்தேதிப் புள்ளதான். மொதப் புள்ளையே அவந்தான். அவனைச் சேக்கையிலதான் அவுக இந்தப் பழக்கத்தையே ஆரம்பிச்சாக. பாவம், போன வருசம் அவன் மேல ஒரு மொட்டைப் பெட்டிசன் போச்சு. அம்பத்தஞ்சு முடிஞ்சும் வயசைக் குறைச்சுச் சொல்லி வேலை பாக்குறான்னு. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரு வந்து அந்தப் பழைய புஸ்தகத்தைப் பிரிச்சுப் பாத்தாரு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறுன்னு போட்டிருந்துச்சு. பேசாமப் போயிட்டாரு. அது இல்லேன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாக. கட்டிக் குடுக்காத பொண்ணு ரெண்டு வச்சிருக்கான்."

உடையப்பன் குடையை மடக்கினார்.

"செபமாலை, ஏறு. புத்தகம் எரியலை."

"எப்படிச் சொல்றீங்க?"

"ஊரையே எரிப்பான். தன் சோத்தை எரிக்க மாட்டான்."

---

ஊசிப்பாறைப்பட்டிக்கு இரண்டரை மைல். பாதி வழி சேறு. பள்ளிக்கூடத்து வாசலில் புளியமரத்தடியில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒருவன் நின்றான். மில் ஆள் மதுரைவீரன். கோர்ட்டு வராந்தாவில் ரெங்கராஜின் பின்னால் நிற்பவன்.

"பள்ளிக்கூடத்துல சேரவா வந்தீங்க?" என்றான் மதுரைவீரன்.

"ஆமா. நீ எந்த வகுப்பு?" என்றான் செபமாலை. தன் சைக்கிளை அவன் சைக்கிள் பக்கத்தில் சாத்தினான். குனிந்து வேட்டி நுனியைப் பிழிந்தான். கொஞ்சம் அதிக நேரமே பிழிந்தான்.

மதியச் சாப்பாட்டுக் கொட்டகையிலிருந்து புகை வந்தது. விறகுப் புகை அல்ல. முதலில் மூக்கில் உறைத்தது செபமாலைக்குத்தான்.

"அண்ணே, தாளு!"

ஓடினான். அடுப்பில் உலை கொதித்தது. சமையல்கார இன்னாசியம்மாள் அகப்பையோடு விலகி நின்றாள். அடுப்பின் வாயருகே குந்தியிருந்தார் தலைமையாசிரியர் நல்லதம்பி. பக்கத்தில் ஒரு தகர மூடி. அதிலிருந்து கிழித்த தாள் அடுப்புக்குள் சுருண்டு எரிந்துகொண்டிருந்தது.

செபமாலை கையை விட்டான். இன்னாசியம்மாள் அலறினாள். வெளியே வந்தது விரலளவு ஒரு துண்டு. அதில் 'நவம்பர் 30, போஸ்' என்று மட்டும் இருந்தது. ஏழாம் தேதி சாம்பலாகிவிட்டது.

"பழைய குப்பைங்க" என்றார் நல்லதம்பி.

இன்னாசியம்மாள் செபமாலையின் கையை இழுத்துக் குடத்துக்குள் அமுக்கினாள். "தாளுக்குப் போயி யாராச்சும் கையை விடுவாகளா? கேணப்பயலா இருக்கியே."

"எங்க வீட்டுலயும் அதே பேருதாங்க" என்றான் செபமாலை. கண்ணில் தண்ணீர் நின்றது.

உடையப்பன் அவசரப்படவில்லை. ஒரு பலகையை இழுத்துப்போட்டு நல்லதம்பிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"இந்தத் தாள் போகட்டும் சார். புத்தகத்தை எப்ப எரிக்கச் சொல்லியிருக்காரு ரெங்கராஜ்?"

"அது போன மாசமே..."

"போன மாசம் எரிஞ்சது கூரையில ரெண்டு கீத்து. புத்தகத்தை இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எரிக்கணும். அதைப் பாத்துட்டுப் போறதுக்குத்தான் வாசல்ல ஆள் நிக்கிறான். சரியா?"

நல்லதம்பி கொட்டகை மூலையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுவது தெரிந்தது. அங்கே பூட்டுப் போட்ட அரிசி டிரம் ஒன்று இருந்தது.

"நகலை அப்படி எழுதலைன்னா என்ன செய்வேன்னு சொன்னாரு?"

"பெட்டிசனை மறுபடி கிளப்பி விடுவாங்களாம். நான்தான் அவங்க வாயை அடைச்சு வச்சிருக்கேன், நகலைக் குடுத்தா காப்பாத்துறேன்னு..." நல்லதம்பி நிறுத்திக்கொண்டார். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது அப்போதுதான் உறைத்தது.

"பெட்டிசனை எழுதினது யாரு?"

"பேரில்லாத பெட்டிசனுங்க."

"பேரு இருக்கு சார். மில்லுக்காரரு மச்சான் டிரெயினிங் முடிச்சிட்டுச் சும்மா இருக்காரு. வர்ற தையில தான்தான் இங்க தலைமையாசிரியர்னு பொன்னமராவதி டீக்கடையில சொல்லிக்கிட்டு இருக்காரு. உங்க சர்வீசு இன்னும் மூணு வருசம் இருக்கு. தையில எப்படி நாற்காலி காலியாகும்?"

நல்லதம்பி தலையைத் திருப்பி வாசலில் நின்ற மில் ஆளைப் பார்த்தார்.

"போன வருசம் அந்தப் பெட்டிசன் ஏன் பலிக்கலை? புத்தகம் இருந்துச்சு. அந்தப் புத்தகத்தை அவரு எரிச்சா கேள்வி வரும். நீங்களே எரிச்சா? இன்னைக்கு அந்தப் பொண்ணோட கிணறு. அடுத்த மாசம் இன்னொரு பெட்டிசன். இன்ஸ்பெக்டர் வருவாரு. எதைக் காட்டுவீங்க? டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. டாக்டர் உங்க நரைச்ச தலையைப் பாத்து எவ்வளவு வயசு போடுவாரு?"

சைக்கிள் கடைக்காரன் பேச்சு செபமாலைக்கு இப்போதுதான் ஏறியது. ஒரே தீக்குச்சியில் இரண்டு வீடு. குடத்துக்குள்ளே கை எரிந்தது.

வெளியே மதுரைவீரன் இருமினான். கொட்டகைப் பக்கம் இரண்டடி வைத்தான்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் நல்லதம்பி. முகம் வெளுத்திருந்தது. கை மட்டும் அரைஞாண் கயிற்றில் தொங்கிய சாவியைப் பிடித்திருந்தது.

"யோசிங்க." உடையப்பன் மேலே பார்த்தார். உத்தரத்தில் எறும்புக்கு எட்டாமல் ஒரு பொட்டலம் தொங்கியது. "அது என்னம்மா?"

"கமர்கட்டு" என்றாள் இன்னாசியம்மாள். "நாளைக்கு ஏழாந்தேதில்ல. பெரிய வாத்தியாரு போனாலும் சாரு விடமாட்டாரு. வருசா வருசம் ஏழாந்தேதிப் புள்ளைகளுக்குக் குடுப்பாரு."

"இப்ப எத்தனை புள்ளைங்க சார்?"

"மூணு" என்றார் நல்லதம்பி. "நான் போட்டதுங்க. மூணும் மழையில பொறந்ததுக."

"நாலாவது ஒண்ணு நாளைக்குக் கோர்ட்டுல நிக்கும். பெரிய வாத்தியார் போட்டது. அதுக்கு மட்டும் ஏன் சார் தேதியைப் பிடுங்கினீங்க?"

வகுப்பில் யாரோ வாய்ப்பாடு சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏழாம் வாய்ப்பாடு. நல்லதம்பி அதைக் கடைசிவரை கேட்டார். எழுந்தார். கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தார்.

அரிசிக்கு அடியில், கோணிக்குள், அது இருந்தது. தடிப் புத்தகம். இன்னாசியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "நாலு நாளாப் படி அடியில முட்டுது, முட்டுதுன்னு சொல்றேன், கல்லுன்னாரே மனுசன்!"

நல்லதம்பி பக்கத்தைத் தேடவில்லை. விரலே போய் நின்றது. ராசாத்தி. 7-11-1939. இரண்டு ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் நேராக நின்றன. மையில் சுரண்டலோ திருத்தமோ இல்லை.

"நகலைத்தான் மாத்தியிருக்கீங்க. இதுல கை வைக்கலையே. ஒரு கோட்டைச் சுரண்டியிருந்தா நாங்க எங்கேயும் போயிருக்க முடியாது" என்றார் உடையப்பன்.

"அவரு எழுத்துங்க" என்றார் நல்லதம்பி.

வாசலில் ஓட்டம் கேட்டது. மதுரைவீரன் கொட்டகைக் கதவு வழியாக எல்லாம் பார்த்துவிட்டான். சைக்கிளை இழுத்துக்கொண்டு பாய்ந்து ஏறினான். பத்தடி போயிருப்பான். இரண்டு சக்கரமும் சேற்றில் சப்பென்று உட்கார்ந்தன. சைக்கிள் சாய்ந்தது. அவனும்.

"காத்துப் போச்சா?" செபமாலை குடத்திலிருந்து கையை எடுக்காமலே கத்தினான். "வால்வு டியூப் இப்பல்லாம் நல்லதா வர்றதில்லை. ரெண்டு என் சட்டைப்பையில கெடக்கு. சாயங்காலமா வந்து வாங்கிக்க."

மில்லுக்கு நடந்தால் முக்கால் மணி. ஊர் விலக்கில் புதுக்கோட்டை பஸ் அரை மணியில்.

நல்லதம்பி உதவி வாத்தியாரைக் கூப்பிட்டுப் பள்ளிக்கூடத்தையும் வாடகைச் சைக்கிளையும் ஒப்படைத்தார். பொட்டலத்தை இறக்கி, மூன்று கமர்கட்டை எண்ணி இன்னாசியம்மாளிடம் கொடுத்தார். ஒன்றைத் தாளில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டார். அது யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை.

"எனக்கு இல்லையா சார்?" என்றான் செபமாலை. "என் சர்டிபிகேட்டுல ஜூன் ஒண்ணு."

நல்லதம்பி யோசித்தார். மெய்யாகவே யோசித்தார். "ஒண்ணாந்தேதிக்கு அவரு யாரையும் எழுதலை தம்பி. ஒன்பதுதான். ஸ்டீவன்சன். ரயில் எஞ்சின்."

"நான் பஸ்சுங்க."

"எட்டு நாளுதான தள்ளி" என்று வெந்த கையைத் தவிர்த்து மற்றக் கையில் ஒன்றை வைத்தார்.

வாசலில் மழை வலுத்திருந்தது. உடையப்பன் தணிந்த குரலில் சொன்னார்.

"நாளைக்கு அசலைக் காட்டுங்க. நகல் எழுதும்போது கை தவறி ஒரு கோடு விட்டுப்போச்சுன்னு சொல்லுங்க. அவ நிலத்துக்கு அது போதும். உங்க வேலையும் நிக்கும்."

நல்லதம்பி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அதே புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவர் பேரும் இருந்தது.

"கை தவறலைங்க" என்றார். "அதையும் சொல்லிருவேன்."

உடையப்பன் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கம்பி போன குடையை விரித்துப் புத்தகத்துக்கு மேலே பிடித்தார். மூன்று பேரும் நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நடந்தார்கள்.